பின்னல் பொருட்களுக்கு உள்துணி வைத்த சுருக்குப்பை

டெல்லியில் ஐப்பசி பிறந்து காலை வெயில் இதமாகத் தொடங்கியதும், மயூர் விஹார், ஆர்.கே.புரம் வீடுகளில் பரணில் கிடந்த கம்பளி நூலும் பின்னல் ஊசிகளும் கீழே இறங்கிவிடும். அவற்றைக் கடையில் கொடுத்த பாலிதீன் பையிலோ ஜிப் வைத்த பழைய கைப்பையிலோ போட்டுவைப்பது பலருடைய வழக்கம். பாலிதீனை ஊசிமுனை கிழித்துவிடும். ஜிப்பின் பல்லில் இழை சிக்கினாலோ, அதை விடுவிப்பதற்குள் பின்னிய பகுதியில் ஒரு கண்ணி நீண்டு தொங்க, அதன் இருபுறமும் உள்ள கண்ணிகள் இறுகிப்போகும். வெல்க்ரோ அதைவிட மோசம். உள்ளே பிசிறோ பல்லோ இல்லாத, நாடாவால் சுருக்கும் பையே இதற்கு ஏற்றது.

வெளித்துணிக்குச் சற்றுக் கெட்டியான பருத்தியும், உள்துணிக்கு வெளிர்நிறப் பருத்தியும் அரை மீட்டர் வீதம் போதும். 36 அங்குல அகலம் இருந்தால் சரி. அடர்நிற உள்துணியில் கீழே விழுந்த ஊசியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பழைய வேட்டியை உள்துணியாக்க விரும்பினால், நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; தளர்ந்த நெசவில் ஊசிமுனை புகுந்து வெளியே வந்துவிடும். துணிக்குக் கனாட் பிளேஸை ஒட்டிய சங்கர் மார்க்கெட்டும், நாடாவுக்குச் சாந்தினி சௌக்கின் கினாரி பஜாரும் வசதியானவை. பருத்தி சுருங்கும் என்பதால், இரண்டு துணிகளையும் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

துணியின் கரைக்கு இணையாகக் கோடு போட்டு, 14 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட துண்டுகளை வெளித்துணியில் இரண்டும் உள்துணியில் இரண்டுமாக வெட்டுங்கள். பாக்கெட்டுக்கு 7 x 12 அங்குலத்தில் ஒரு துண்டு வேண்டும். எல்லா இடத்திலும் தையலுக்கு அரை அங்குலம் விடவும். மெஷினில் 14ஆம் எண் ஊசி போதும்.

முதலில் பாக்கெட். துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு 6 அங்குலமாக மடித்து, அடியில் சிறு இடைவெளி விட்டு மூன்று பக்கமும் தைத்துத் திருப்புங்கள். மடிப்பு மேலே வரும்படி, உள்துணித் துண்டு ஒன்றின் மேல் விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே வைத்து, மற்ற மூன்று பக்கங்களையும் தைத்தால் அந்த இடைவெளியும் மூடிக்கொள்ளும்.

அடுத்து வெளித்துணிகளை நல்ல பக்கங்கள் உள்ளே சேருமாறு வைத்து, இரு பக்கங்களையும் அடியையும் தையுங்கள். கவனம் வேண்டிய இடம் இதுதான்: இரு பக்கத் தையலிலும், மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் நிறுத்தி, ஓர் அங்குலம் தைக்காமல் விட்டு, மீண்டும் தொடர வேண்டும். நாடா நுழையும் வாய் இது; இழுபடும் இடமாதலால் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாகத் தைத்து உறுதிப்படுத்துங்கள். பிறகு தையல் ஓரங்களை விரித்து இஸ்திரி போட்டு, வாயைச் சுற்றி ஒரு தையல் ஓட்டினால் நாடா கோக்கும்போது ஊக்கு எங்கும் இடறாது. உள்துணிக்குப் பக்கங்களில் இடைவெளி வேண்டாம். அடியின் நடுவில் மட்டும் 4 அங்குலம் திறந்திருக்கட்டும்.

பை தரையில் நிற்பதற்கு, ஒவ்வொரு அடிமூலையிலும் பக்கத் தையல் அடித்தையலின் மேல் படியுமாறு முக்கோணமாக விரித்து, அகலம் 4 அங்குலம் வரும் இடத்தில் குறுக்காகக் கோடு போட்டு, அதன்மேல் இருமுறை தைத்து, நுனியை வெட்டிவிடுங்கள். இதை உள்துணிக்கும் செய்யவும்.

வெளிப்பையை மட்டும் நல்ல பக்கத்துக்குத் திருப்பி, திருப்பாத உள்துணிப்பைக்குள் நுழைத்து, பக்கத் தையல்களைப் பொருத்திக் குண்டூசி குத்தி, பையின் மேல் விளிம்பைச் சுற்றித் தையுங்கள். உள்துணி அடியிலுள்ள திறப்பின் வழியே எல்லாவற்றையும் வெளியே இழுத்து, திறப்பைக் கைத்தையலால் மூடி, உள்துணியை உள்ளே தள்ளி, விளிம்பை இஸ்திரியால் படியவையுங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்தில் ஒன்றும் இரண்டு அங்குலத்தில் இன்னொன்றுமாகப் பையைச் சுற்றி இரண்டு வரித் தையல் போட்டால், நாடாவுக்கான குழல் தயார்.

36 அங்குல நாடா இரண்டு எடுத்து, ஒன்றை ஊக்கில் கோத்து வலப்பக்க வாயில் நுழைத்து, முழுச் சுற்று வந்து அதே வாயில் வெளியே எடுத்து முடிச்சிடுங்கள். மற்றதை இடப்பக்கத்திலிருந்து அவ்வாறே கோத்தால், இருபுறமும் இழுக்கும்போது பை சமமாகச் சுருங்கும். பின்னும்போது பையின் வாயைச் சற்றே திறந்துவைத்தால் நூலுண்டை உள்ளேயே உருளும், இழை மட்டும் வெளியே வரும்.

இந்த அளவில் பை ஏறத்தாழ 13 அங்குல உயரம் வரும். 10 அங்குல ஊசி முழுதாக உள்ளே அடங்கும். 14 அங்குல ஊசி வைத்திருப்பவர்கள் துண்டுகளின் உயரத்தை 20 அங்குலமாக்கி, துணியைக் கால் மீட்டர் கூட்டி வாங்கிக்கொள்ளவும்.