எழுத்துப்பிழை இருந்தால்தான் மோசடியா?

கணினியில் ஏதாவது தகராறு என்றால் என்னைக் கூப்பிடும் நண்பர்கள், உறவினர்கள் என்று ஒரு பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். மோசடி மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ மாட்டிக்கொண்ட பிறகு அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பார்த்தா அசல் மாதிரியே இருந்துச்சு."

அவர்கள் பார்க்காமல் ஏமாறவில்லை. லோகோவைப் பார்த்தார்கள், அனுப்பியவர் பெயரைப் பார்த்தார்கள், தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். ஆனால் இவை எல்லாமே மோசடிக்காரன் தானே செய்து ஒட்டிக்கொள்ளக் கூடியவை. வேஷத்தைச் சரிபார்த்துவிட்டு ஆளைச் சரிபார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை முக்கால்வாசித் தவறுகள் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் எழுத்துப்பிழை. "மோசடிக் கடிதமென்றால் மொழி கோணல்மாணலாக இருக்கும்" என்று பல வருடங்களாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். நானும் சொல்லியிருக்கிறேன். இன்று அந்த அறிவுரை ஆபத்தானது. எந்த மொழியிலும் பிழையில்லாத கடிதத்தை இயந்திரமே நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. அந்தக் காலத்துக் கோணல் கடிதங்களிலும் கொஞ்சம் கணக்கு இருந்தது. "நான் ஒரு இளவரசன், என் பல கோடிச் சொத்தை வெளியே கொண்டுவர உதவுங்கள்" என்ற ரகக் கடிதங்கள் ஏன் அவ்வளவு அப்பட்டமாக இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். கடிதத்தை அனுப்பச் செலவே இல்லை. பதில் போடுகிறவர்களிடம் வாரக்கணக்கில் பேசி மடக்குவதில்தான் செலவு. விவரமான ஆள் பதில் போட்டுவிட்டுப் பாதியில் கழன்றுகொண்டால் நஷ்டம். அதனால் கதையைக் கேட்டதுமே சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும், மிச்சமிருப்பவர்கள் போதும் என்று அந்தக் கடிதமே ஒரு சல்லடையாக வேலை செய்கிறது என்பது அவர் வாதம். நாம் எதை மோசடிக்காரனின் முட்டாள்தனம் என்று நினைத்தோமோ, அது அவனுக்கு லாபமாக இருந்திருக்கிறது.

அடுத்தது, அனுப்பியவர் பெயர். கடித உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா? மின்னஞ்சலில் தெரியும் பெயரும் ஏறக்குறைய அப்படித்தான். தெரிந்தவர் கணக்கிலிருந்தே நிஜமாக வந்திருந்தாலும் நிம்மதி இல்லை. 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் அப்படித்தான் ஓடியது. கடிதத்தோடு வந்த இணைப்புக் கோப்பை ஒருவர் திறந்தால் போதும், அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது தானே போய்ச் சேரும். வாங்கியவருக்கு அது நண்பரிடமிருந்து வந்த கடிதம். இணைப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோலத் தெரியும், வெறும் எழுத்துக் கோப்பு என்று தோன்றும். உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது, அது நிரல். விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் கடைசி வாலைக் காட்டாமல் மறைத்துவிடும். இன்றும் பல கணினிகளில் அந்த மறைப்பு அப்படியே இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லி ஒரு டிக் போட வேண்டும், அரை நிமிட வேலை.

சரி, பெயர் வேண்டாம், குரலையும் முகத்தையும் நம்பலாமா? ஆரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர் 2024-இல் ஒரு வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டார். நிதித்துறைத் தலைவரும் சக ஊழியர்களும் திரையில் இருந்தார்கள். அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் இருந்தவை எல்லாம் கணினி செய்த போலி முகங்கள். அவருக்கு வந்த முதல் மின்னஞ்சலைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்கிறார். வீடியோவில் முகங்களைப் பார்த்ததும்தான் சந்தேகம் போயிற்று. பணம், பாஸ்வேர்டு, அவசரம் மூன்றில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வந்த அழைப்பிலேயே, வந்த செய்தியிலேயே சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை.

பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளுத்ததெல்லாம் பால் என்பதுபோல, பூட்டு இருந்தால் நல்ல தளம் என்று ஒரு எண்ணம் ஊறிவிட்டது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். எதிர்ப்பக்கம் திருடன் உட்கார்ந்திருந்தால் அவனோடு பத்திரமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, அவனும் வாங்கிக்கொள்வான். இந்தக் குழப்பத்தாலேயே கூகுள் குரோம் 2023-இல் முகவரிப் பட்டியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரியை. அதையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்:

லாகின்.நம்வங்கி.காம்.அக்கவுன்ட்-செக்.நெட்/அப்டேட்

கண் இடமிருந்து வலமாக ஓடும்; 'நம்வங்கி.காம்' வந்ததும் திருப்தியாகி நின்றுவிடும். மோசடிக்காரன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். முகவரியைப் படிக்க வேண்டிய முறை வேறு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். முதலில் வரும் இரண்டு துண்டுகள் 'அக்கவுன்ட்-செக்.நெட்'. (சில நாடுகளின் முகவரிகளில் மூன்று துண்டாக இருக்கும்.) அதுதான் வீட்டுக்காரர் பெயர். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டு அறைகளுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள்; எந்த வங்கியின் பெயரையும் வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மொபைலில் முகவரி முழுதாகத் தெரியாது. அதனால் என் வழக்கம் சுலபமானது: செய்தியில் வந்த லிங்கைத் தொடுவதே இல்லை. சமாசாரம் நிஜமாக இருந்தால் அந்தச் செயலியை நானே திறந்தாலும் அங்கே இருக்கும். இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பார்சலுக்காகக் காத்திருந்த சமயம், "முகவரி முழுமையாக இல்லை, இங்கே திருத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் லிங்கைத் தட்டி, பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, கார்டு எண்ணில் பாதிவரை வந்துவிட்டேன். முகவரி திருத்தக் கார்டு எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. என் பார்சலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் அதில் சிலராவது பார்சலுக்குக் காத்திருப்பார்கள், அன்று அந்தச் சிலரில் நான் ஒருவன்.

பாஸ்வேர்டுக்கு வருவோம். ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 2009 டிசம்பரில் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அவற்றை ஆராய்ந்தபோது முதலிடத்தில் இருந்தது 123456. ஏறக்குறைய 2,90,000 பேர் அதை வைத்திருந்தார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் செய்யும் தவறுதான் எனக்குக் கவலை. கஷ்டப்பட்டு ஒரு கடினமான பாஸ்வேர்டை யோசித்து, அதையே இருபது இடங்களில் போட்டு வைப்பார்கள். இருபதில் ஒரு தளம் கசிந்தால் போதும், அந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களில் போட்டுப் பார்க்கிற வேலையை நிரல்கள் இரவு பகலாகச் செய்கின்றன. எவ்வளவு பெரிய பூட்டாக இருந்தால் என்ன, எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, நடுவில் ஒரு '@' போடுவது எல்லாம் பழைய பாடம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டிக்காக 2003-இல் அந்த விதிகளை எழுதிய பில் பர், பின்னாளில் அவற்றில் பெரும்பகுதிக்காக வருத்தப்படுவதாகச் சொன்னார். கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குகிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை. 2017-இல் அந்த அமைப்பே, கசிந்ததாகத் தெரிந்தால் ஒழியக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீளமாக இருக்கட்டும், ஒவ்வொரு இடத்துக்கும் வேறாக இருக்கட்டும். இருபதை யார் நினைவில் வைப்பது என்றால், அதற்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர். நினைவுச் சுமை குறைவது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: அது லோகோவைப் பார்க்காது, முகவரியை மட்டும்தான் பார்க்கும். நம் கண் ஏமாந்தாலும் போலித் தளத்தில் அது பாஸ்வேர்டை நிரப்பாமல் கம்மென்று இருக்கும். அப்போது எரிச்சல்பட்டு நாமே நகலெடுத்து ஒட்டுகிறோம் பாருங்கள், அதுதான் தவறு.

ஓடிபி வைத்திருந்தால் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். கட்டாயம் வையுங்கள். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் 2021 மே மாதம் பல நாள் நின்றுபோனதற்கு வழிவிட்டது, யாரும் பயன்படுத்தாமல் மறந்துபோன ஒரு பழைய கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டைத் தவிர இரண்டாவது பூட்டு இல்லை. ஆனால் போலித் தளம் உங்களிடம் ஓடிபியையும் கேட்கும்; நீங்கள் தட்டிய அதே நொடியில் அது அசல் தளத்தில் போய் அதைப் போட்டுவிடும். குறுஞ்செய்தி ஓடிபிக்கு இன்னொரு பலவீனம், மோசடிக்காரன் உங்கள் எண்ணையே தன் கையில் இருக்கும் வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்வது. ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்டில் அப்படித்தான் பறிபோனது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக, உங்கள் போனோ கணினியோ வைத்துக்கொள்ளும் ரகசியச் சாவியாகப் பாஸ்கீ என்று ஒன்று வந்திருக்கிறது; ஒரு தளம் அதைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போலித் தளத்தில் அது வேலையே செய்யாது.

சமீபத்தில் நான் அதிகம் பார்க்கும் தந்திரம் ஒன்று. ஏதோ ஒரு தளத்துக்குப் போனால் "நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்கச் சொல்கிறது. தட்டினால் மூன்று கட்டளைகள்: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலோடு வி, அப்புறம் என்டர். பார்க்க ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் முதல் தட்டிலேயே அந்தத் தளம் ஒரு கட்டளையை உங்கள் கணினியின் நகல் நினைவில் வைத்துவிட்டது. இரண்டாவது விசையில் அதை ஒட்டுகிறீர்கள், மூன்றாவதில் நீங்களே ஓட்டுகிறீர்கள். பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் உள்ளே வந்துவிடும். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க எந்த நல்ல தளமும் விசைப்பலகையில் இப்படிக் கட்டளை ஓட்டச் சொல்லாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றி ஒரு கணக்கு மட்டும். சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை என்ற நிரல் 2017 மே 12-இல் கிளம்பியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நடுவில் இரண்டு மாதம். பேக்கப் எடுக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்நேரமும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பூட்டும் நிரல் விட்டுவைக்காது. நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பது அதில் முதல். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. போலீஸில் புகாரும் அன்றைக்கே கொடுங்கள். கணக்குகளில் முதலில் மீட்க வேண்டியது மின்னஞ்சலை, ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றும் லிங்க் அங்கேதான் வரும். அதன் பாஸ்வேர்டை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். மாற்றியதோடு நிற்காமல், அமைப்புகளுக்குள் போய் ஃபார்வர்டிங் பகுதியைப் பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி அவன் அங்கே ஒரு விதி எழுதி வைத்திருக்கலாம். பாஸ்வேர்டு மாறினாலும் அது மாறாது. கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன், நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடுங்கள். சில பூட்டுகளுக்கு அங்கே இலவசச் சாவி கிடைக்கிறது.

அப்புறம் சில வாரம் கழித்து ஒரு அழைப்பு வரும். உங்கள் பெயர், இழந்த தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். திருட்டுப்போன பணம் கிடைத்துவிட்டது, ஒரு சிறு கட்டணம் கட்டினால் திருப்பித் தருகிறோம் என்பார்கள். அந்த விவரமெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். எடுத்தவனோ, அவனிடம் பட்டியலை வாங்கியவனோதான் பேசுகிறான்.