ஸ்டீராய்டு உயிர்மாற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோயா எண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் பைட்டோஸ்டிராலை (தாவர ஸ்டிரால்) மைக்கோபாக்டீரியம் வகை நுண்ணுயிருக்குக் கொடுத்து (இதுவே உயிர்மாற்றம்), அது திருப்பித் தரும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஸ்டீராய்டிலிருந்து ஹார்மோன் மருந்துகளைத் தயாரிப்பது இன்று நிலைபெற்ற தொழில்முறை. இதில் புதிதாக இறங்குவோரின் முதல் தவறு, நுண்ணுயிர் நமக்காக உழைக்கிறது என்று எண்ணுவதே. அதற்கு ஸ்டிரால் வெறும் உணவு. மூலக்கூறின் பக்கச் சங்கிலியைத் தின்பதோடு நில்லாமல், நமக்கு வேண்டிய கார்பன் வளையங்களையும் உடைத்து விழுங்கிவிடும். முதலாம், இரண்டாம் கார்பன்களுக்கிடையே ஹைட்ரஜனை நீக்கும் நொதியும், ஒன்பதாம் கார்பனில் ஹைட்ராக்சில் (OH) சேர்க்கும் நொதியும் ஒரே மூலக்கூறில் வேலை செய்தால் இரண்டாவது வளையம் தானாகவே பிளந்துவிடும். எனவே எந்த நொதியை முடக்குகிறோம் என்பதே என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே வேலைக்குப் பல மரபணுக்கள் இருப்பது இவ்வகை நுண்ணுயிர்களில் சகஜம் என்பதால், ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

என் பார்வையில் அதிகம் ஏமாற்றுவது அளவீடுதான். கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் திரவ நிறச்சாரல் பிரிப்புக் கருவியை (HPLC) 254 நானோமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் நன்றாகத் தெரியும். மாறாமல் கிடக்கும் ஸ்டிரால் அந்த அலைநீளத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை என்பதால் கண்ணிலேயே படாது. வரைபடம் தூய்மையாக இருப்பதைக் கண்டு மாற்றம் முடிந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். ஸ்டிரால் உண்மையாகவே தீர்ந்துபோயிருந்தாலும் அது முழுவதும் விளைபொருளாகிவிட்டது என்று அர்த்தமல்ல. நுண்ணுயிர் தின்றதாகவும் இருக்கலாம். கணக்கைக் கிராமில் போடுவது இன்னொரு பிழை: பைட்டோஸ்டிராலில் முக்கியமான சிட்டோஸ்டிராலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 415, ஆண்ட்ரோஸ்டீன்டையோனுக்கு 286. ஒரு கிராம் முழுமையாக மாறினாலும் கிடைப்பது 0.69 கிராம்தான், மீதியை இழப்பு என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஸ்டிரால் நீரில் கரையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் குடுவையைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. திரவத்தின் விளிம்புக்குச் சற்று மேலே கண்ணாடியில் வெள்ளை வளையமாக ஒட்டியிருக்கும் தூள் எந்தச் செல்லையும் சென்றடையாது. நுண்தூளாக அரைத்து, ட்வீன் 80 (சோப்புபோல் செயல்படும் பொருள்) அல்லது சைக்ளோடெக்ஸ்ட்ரின் (கரையவைக்க உதவும் சர்க்கரை வளையம்) துணையோடு பரப்புவதே வழி. எத்தனாலை அள்ளி ஊற்றினால் செல்கள் முதலில் சாகும். மாதிரி எடுக்கும்போதும், வடிகட்டிய நீரை மட்டும் சோதிக்காமல், செல்களோடு சேர்த்து எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுக்க வேண்டும்.

ஸ்டீராய்டில் ஹைட்ராக்சில் சேர்க்கப் பூஞ்சையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு வேறு வகை. 1952-இல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் முர்ரேயும் ரைசோபஸ் என்ற பூஞ்சையைக் கொண்டு புரோஜெஸ்டிரோனின் பதினோராம் கார்பனில் ஹைட்ராக்சில் சேர்த்துக் காட்டினார்கள். பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் கார்ட்டிசோன் தயாரித்துவந்த வேதியியலாளர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்தப் பூஞ்சை தருவது ஆல்ஃபா நிலை (ஹைட்ராக்சில் வளையத் தளத்தின் கீழ்ப்புறம்; மேற்புறம் என்றால் பீட்டா). கார்ட்டிசோன் வேண்டுமானால் அதைக் கீட்டோனாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடலாம், நிலை ஒரு பொருட்டல்ல. கார்ட்டிசால் நேரடியாக வேண்டுமானால் பீட்டா நிலையே தேவை, அதற்குக் கர்வுலேரியா லுனாட்டா போன்ற பூஞ்சையை நாட வேண்டும். ஹைட்ராக்சிலாகச் சேரும் ஆக்சிஜன் அணு காற்றிலிருந்தே வருவதால் காற்றோட்டம் குறைந்தால் வேலை நின்றுபோகும். கூட்டினாலோ ட்வீன் நுரைத்துப் பொங்கி, மிதக்கும் ஸ்டீராய்டுத் தூளைக் கலனின் மேல்மூடிவரை ஏற்றி ஒட்டவைத்துவிடும்.