உங்கள் ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை: தவிர்க்க வேண்டிய பிழைகள்

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003இல். இன்றைக்கும் அதில் ஊர்க் கட்டுரைகள் பல நான்கைந்து வரியோடு நிற்கின்றன. எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், எத்தனை பேர், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் ஏரியும் சந்தையும் பழைய பள்ளிக்கூடமும் அதற்குள் வரும். ஆனால் ஆசையாக எழுதிப் போட்ட முதல் கட்டுரை நீக்கப்பட்டதும், மனம் விட்டுப்போய் அந்தப் பக்கமே வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த இழப்பைத் தவிர்க்கலாம். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யார் சொன்னது, படிப்பவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்?

படி 1: ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

ஒரே ஊருக்கு இரண்டு கட்டுரைகள் உருவாவது சாதாரணமாக நடக்கிறது. மாமல்லபுரம் என்றும் மகாபலிபுரம் என்றும் வழங்குவதுபோல உங்கள் ஊருக்கும் இரண்டு பெயர் இருக்கலாம். எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். புதூர் போன்ற பெயர் என்றால் மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

தட்டச்சில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஔவையார்’ என்பதன் முதல் எழுத்து ஒரே எழுத்து. அதை ஒ, ள என்று இரண்டாகத் தட்டி ‘ஒளவையார்’ என எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பௌர்ணமி’க்கும் இதே கதிதான். கைப்பேசி விசைப்பலகையில் ‘எ’வுக்குப் பதில் ஏழு என்ற தமிழ் எண்ணை (௭) தொட்டுவிடுவதும் நடக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இவை வேறு எழுத்துகள். தலைப்பில் இப்படி நேர்ந்தால் சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை அகப்படாமலே போகலாம்.

படி 2: கணக்கு, மணல்தொட்டி

ஒரு பயனர் கணக்கு தொடங்குங்கள். நிறுவனத்தின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ பயனர் பெயராக வைக்காதீர்கள். உங்கள் பயனர் பக்கத்தோடு ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கம் கிடைக்கும். வரைவை அங்கே எழுதிப் பாருங்கள். பாதிக் கட்டுரையைப் பொதுவில் போட்டுவிட்டு நாளை முடிக்கலாம் என்று விடுவதுதான் நீக்கலுக்கு நேர்வழி.

படி 3: எழுதும் முன் சான்றுகளைச் சேருங்கள்

பாதி நேரம் இந்தப் படிக்கே போக வேண்டும். எழுதி முடித்துவிட்டுச் சான்று தேடினால், எழுதியதற்கு ஏற்ற சான்றைத்தான் மனம் தேடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எத்தனை பக்கங்களில் படித்திருப்போம்! காலையிலோ மாலையிலோ அங்கே போய் நின்றால் நிழல் விழுவதைப் பார்க்கலாம். இருந்தும் அந்த வரி ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ராஜராஜன் எழுப்பி 1010இல் முடித்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் நடனப் பெண்கள், பண்டாரிகள் (கருவூலக் காப்பாளர்கள்), விளக்கு நெய்க்காக விடப்பட்ட ஆடுமாடுகள் என்று அவ்வளவு உண்மைகள் கிடக்க, பொய்க்கு என்ன தேவை?

உங்கள் ஊர்க் கோயிலுக்கும் இது பொருந்தும். ‘2000 ஆண்டு பழமையானது’ என்று பூசாரி சொல்லியிருக்கலாம். அதை அப்படியே எழுத முடியாது. இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளிலும், கல்வெட்டு ஆண்டறிக்கைகளிலும், மாநிலத் தொல்லியல் துறையின் நூல்களிலும் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. எதிலும் கிடைக்கவில்லையா? பழமையைப் பற்றிய அந்த வரியை விட்டுவிடுங்கள்.

பழைய நூலை எடுத்தால் மாவட்டத்தைச் சரிபாருங்கள். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாக இன்னும் எழுதுகிறவர்கள் உண்டு. மக்கள்தொகை எண்ணைப் போடும்போது ‘2011 கணக்கெடுப்பின்படி’ என்று ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். ‘தற்போதைய மக்கள்தொகை’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இவ்வூரில் இன்ன சாதியினர் பெரும்பான்மை’ என்று எழுதாதீர்கள். 2011 கணக்கெடுப்பின் ஊர்வாரிப் பட்டியலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மொத்த எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. மற்ற சாதிகளுக்கு அதில் எண்ணே கிடையாது. அப்படியிருக்க அந்த வரி எங்கிருந்து வரும்? யாருடைய ஆசையிலிருந்தோதான். அதை ஒருவர் சேர்க்க, இன்னொருவர் அழிக்க, கட்டுரையே சண்டைக்களமாகிவிடும்.

படி 4: சொந்தச் சொல்லில் எழுதுங்கள்

நாளிதழ்ச் செய்தியையோ தலபுராணப் புத்தகத்தையோ வெட்டி ஒட்டுவது பதிப்புரிமை மீறல். இந்தியச் சட்டப்படி பொதுவாக எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை நூலுக்கு உரிமை உண்டு. தகவலுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன சொற்களுக்குத்தான். குறிப்பெடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். வாக்கியத்தின் முடிவிலேயே சான்றைச் சேர்த்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும். படமும் அப்படித்தான். கூகுளில் கிடைத்ததை எடுக்காமல், நீங்களே எடுத்த படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள்.

படி 5: அடைமொழிகளையும் காலச் சொற்களையும் களையுங்கள்

வரைவை ஒருமுறை இதற்காகவே படியுங்கள். இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“புகழ்பெற்ற எங்கள் ஊர் ஏரி சமீபத்தில் மிகச் சிறப்பாகத் தூர்வாரப்பட்டது.”

‘எங்கள்’ போக வேண்டும். ‘புகழ்பெற்ற’ என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும். ‘சமீபத்தில்’ என்பது ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு எதையும் சொல்லாது. செய்தியில் இருப்பதைக் கொண்டு இப்படி மாற்றலாம்:

“இவ்வூர் ஏரியை நீர்வளத் துறை 2022இல் தூர்வாரியது.”

சரி, பெருமைப்படக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகப் படலாம். ஏரியின் பரப்பு, பாசனம் பெறும் நிலம், மதகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சான்றோடு எழுதினால் பெருமை தானாக வந்து சேரும். உறவினரையோ நண்பரையோ ‘முக்கியப் பிரமுகர்கள்’ என்று பட்டியலிடாதீர்கள். யாருடைய தொலைபேசி எண்ணையும் போடாதீர்கள். பின்னால் நீக்கினாலும் பக்க வரலாற்றில் பழைய பதிப்பு தங்கிவிடும்.

படி 6: வெளியிட்ட பிறகு

முன்தோற்றம் பார்த்து, ஒற்றுப்பிழைகளைத் திருத்தி வெளியிடுங்கள். அடுத்த சில நாள் பக்கத்தைக் கவனியுங்கள். யாராவது ஒரு பத்தியை நீக்கியிருந்தால் உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு ‘ஆலமரத்தடி’ என்ற பொது உரையாடல் பக்கம் இருக்கிறது, அங்கே எழுதினால் அனுபவமுள்ளவர்கள் பதில் சொல்வார்கள். ஒரு வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு விழுந்திருந்தால் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்துவிட்டுக் குறிப்பை எடுத்துவிடுங்கள். சான்று கிடைக்காவிட்டால் அந்த வரியை நீங்களே எடுத்துவிடுங்கள்.