ஷார்த்ர் பேராலயம்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் உறவுக்காரர்கள் ஏழு பேரை ஷார்த்ர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உள்ளே நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பூசை நேரத்தில் பேசக்கூடாது, ஃபிளாஷ் போடக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இருட்டைக் கண்டு திரும்புவது

"என்னப்பா, லைட்டே போடலையா?" என்றார் சித்தப்பா. ஜன்னல்களில் பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. அடர்ந்த நீலமும் சிவப்பும் வெயிலை வடிகட்டித்தான் உள்ளே விடும். கால் மணி நேரம் உட்காருங்கள், கண் பழகிவிடும்.

ஜன்னலை மேலிருந்து படிப்பது

இது என் கைக்காசைத் தின்ற தவறு. தெற்குப் பக்கம், இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைக் காட்டும் ஜன்னல் இருக்கிறது. செய்தித்தாள் படிக்கிற பழக்கத்தில் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் கிறிஸ்து, அப்புறம் ஆதாமின் மகன் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்கிறான், அதற்குக் கீழே ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள், அதற்கும் கீழேதான் கனியைத் தின்கிறார்கள். கதை பின்னோக்கிப் போகிறதே என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பழுதுபார்த்தபோது வரிசை மாறிவிட்டது" என்று தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமே எழுதி, 300 பிரதி அச்சடித்தேன்.

பிறகு ஒருநாள் அதே ஜன்னலடியில் விரலை மேலிருந்து கீழே இறக்கி விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுப் பாட்டிக்குத் தமிழ் புரிந்திருக்காது. விரல் போன திசை புரிந்துவிட்டது. என் முழங்கையைத் தட்டி, தன் கையைக் கீழிருந்து மேலே தூக்கிக் காட்டினார்.

அவ்வளவுதான் விஷயம். இந்தக் கோயிலின் கதை ஜன்னல்களில் பெரும்பாலானவற்றை அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். இந்தச் சமாரியன் ஜன்னலில் அடிவரிசையில் செருப்புத் தைப்பவர்கள் வேலை செய்கிறார்கள். அதற்கு மேலே ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் புறப்படுகிறான். கள்வர்கள் அடித்துப் போடுகிறார்கள். குருவும், ஆலயப் பணி செய்கிற லேவியரும் கண்டும் காணாமல் போகிறார்கள். சமாரியன் காயத்துக்குக் கட்டுப்போட்டுச் சாவடிக்குக் கொண்டுபோகிறான். அந்த உவமை முடிகிற இடத்தில் ஆதாமின் கதை ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அடிபட்டுக் கிடப்பவனே ஆதாம், அவன் விட்டுவந்த எருசலேம்தான் ஏதேன், சமாரியன் கிறிஸ்து, சாவடி திருச்சபை என்பது இடைக்கால விளக்கம். ஆபேல் செத்த பிறகுதான் உச்சியில் கிறிஸ்து வருகிறார். கண்ணும் மண்ணிலிருந்து விண்ணுக்கு ஏறுகிறது. தலைகீழாகப் படித்தால் கிறிஸ்துவில் தொடங்கிச் செருப்புக் கடையில் வந்து முடியும்!

போன மாதம் மைத்துனனும் உச்சியிலிருந்துதான் ஆரம்பித்தான். மிச்சமிருந்த பிரசுரத்தில் ஒன்றை வீட்டில் அவனிடம் காட்டினேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றிலும் உள்ளர்த்தம் தேடுவது

இரண்டு கோபுரமும் ஏன் வேறுவேறு மாதிரி இருக்கின்றன என்று கேட்டால் ஆணும் பெண்ணும், சூரியனும் சந்திரனும் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டுடையது. வடக்கில் மரத்தாலான உச்சி 1506-இல் இடி விழுந்து எரிந்துபோனது. அடுத்த வருடம் ழான் த போஸ் என்ற கொத்தனார் அன்றைய மோஸ்தரில் கல்லால் கட்டத் தொடங்கினார். இடிக்கு உள்ளர்த்தம் கிடையாது.

வெளியே இருக்கும் கல் வளைவுகளை அலங்காரம் என்று நினைப்பது

சுமார் 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல் கூரை, சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல அந்த வளைவுகள் எதிரே நின்று தாங்குகின்றன. அதனால்தான் சுவரைத் திறந்து இவ்வளவு கண்ணாடி வைக்க முடிந்தது. வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போங்கள்.

பைனாகுலர் இல்லாமல் போவது

போகாதீர்கள்.

தரையிலுள்ள சுழல்பாதையில் நடக்கலாம் என்று நம்பிப் போவது

வழக்கமாகத் தவக்காலத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் அதன்மேல் கிடக்கும் நாற்காலிகளை எடுப்பார்கள். நாங்கள் போனது சனிக்கிழமை.