புது முழங்காலுடன் ஊருக்குப் போகிறவர்களுக்கு

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் எங்கள் பெரியவர்கள், வைத்தியரிடம் கேட்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி, இந்த முறை யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா என்பதுதான். இலண்டனில் என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். தை, மாசிக்குள் சிகிச்சை முடிந்திருந்தால் ஆறு மாதம் கழித்து ஓகஸ்டில் போகலாம்; சித்திரையைத் தாண்டியிருந்தால் அடுத்த ஆண்டுத் திருவிழாவை நினைத்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சத்திரசிகிச்சைக்குப் பின் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்துப் பல வாரங்களுக்கு உயர்ந்தே இருக்கும். பத்து மணித்தியாலம் ஒரே ஆசனத்தில் அசையாமல் இருப்பது அதை இன்னும் கூட்டும். அதனால்தான் நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தள்ளிவைக்கும்படி வைத்தியர்கள் பலர் சொல்கிறார்கள். நான் ஆறு மாதம் என்று சொல்வது விமானத்துக்காக அல்ல, ஊருக்காக. மணல் ஒழுங்கையும் உயரமான வாசற்படியும் குந்தியிருக்கும் மலகூடமும், வீக்கம் வற்றாத காலுக்கு ஏற்றவையல்ல.

சிகிச்சையைச் சென்னையில் செய்துகொள்ள நினைப்பவர்களும் இருக்கிறார்கள். செயற்கை மூட்டின் விலைக்கு இந்திய அரசு 2017 ஓகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். மூட்டின் விலையைக் கட்டணப் பட்டியலில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அதன் பெட்டியிலுள்ள ஒட்டுச்சீட்டின் பிரதியையும் வாங்கிவையுங்கள், பின்னாளில் எந்த நாட்டில் மறுசிகிச்சை தேவைப்பட்டாலும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். இணையவழி மருத்துவ விசா 60 நாட்களுக்கே கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பறக்க வேண்டியவருக்கு அது போதாது. ஆகவே தூதரகத்தில் வழமையான மருத்துவ விசாவுக்கு விண்ணப்பிப்பது உத்தமம்.

எங்கே செய்தாலும் ஆயத்தம் ஒன்றுதான். நீரிழிவு கட்டுக்குள் வரவேண்டும். பல்லில் சீழ், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுள் எது இருந்தாலும் முதலில் அதை மாற்ற வேண்டும், ஏனெனில் கிருமி இரத்தத்தின் வழியே புது மூட்டைப் போய்ச் சேரும். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் பிறகு எழுந்து நடப்பது இலகு.

வீட்டுக்கு வந்தபின் பாசத்தினால் நடக்கும் ஒரு பிழையைச் சொல்லவேண்டும். வலியில் முனகுகிறவரைக் கண்டதும் நாங்கள் முழங்காலுக்குக் கீழே தலையணையைச் செருகிவிடுகிறோம். அம்மாவுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் வந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) காலை நீட்டச் சொன்னபோது, முழங்காலின் பின்புறத்துக்கும் கட்டிலுக்கும் இடையே அவருடைய கை முழுதாக நுழைந்தது. தலையணையை உருவிக் குதிக்காலின் கீழ் வைத்துவிட்டு, முழங்கால் தன் பாரத்திலேயே கீழே இறங்கட்டும் என்றார். மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். நேராக நீட்ட வராத கால்தான் ஆயுள் முழுக்க நொண்டும்.

விமானத்தில் நடைவழி ஓர ஆசனத்தை, சிகிச்சை செய்த கால் வழிப்பக்கம் வரும்படி கேட்டு வாங்குங்கள். அவசரக் கதவருகே இடம் தரமாட்டார்கள். சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே பதிவுசெய்யுங்கள். பாதுகாப்புக் கருவி ஒலிக்கும் என்பதால் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏழெட்டு மணித்தியால ஓட்டம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் வாகனத்தை நிறுத்தி இறங்கி நடக்கவேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருவது குறுகிய பயணம்தான், ஆனால் அது சிறிய விமானம் என்பதால் படியேறத் தெரிந்திருக்க வேண்டும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். ஓட்டோவில் முதலில் பின்புறமாக இருக்கையில் இருந்துகொண்டு, பிறகு கால்களை உள்ளே எடுங்கள்.

புறப்படுவதற்கு முன்பே ஊரில் இருக்கும் உறவினரிடம் கட்டில், கதிரை ஆகியவற்றின் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். இருக்கும்போது முழங்காலைவிட இடுப்புச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கொமட் இல்லாத வீட்டுக்கு, நடுவில் துவாரமுள்ள கதிரையை மலகூடத்தின் மேல் வைத்தாலே போதும். கிணற்றடியில் பாசியைத் தேய்த்துக் கழுவிவைக்கச் சொல்லுங்கள். குளிக்க ஒரு முக்காலியும் போடட்டும்.

கோயிலில் முழங்காலிட்டுக் கும்பிடுவது மூட்டை உடைத்துவிடாது, ஆயினும் வடுவின் வெளிப்புறம் மரத்திருப்பதால் குத்துவது தெரியாது, நின்றே கும்பிடலாம். வெயிலில் சுடும் மணலைத் தவிர்த்து, வெறுங்காலுடன் நடப்பதை, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், அதிகாலைப் பூசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருக்குமட்டை கீறிய சிறு காயத்தையும் உடனே கழுவி மருந்திடுங்கள். எண்ணெய் பூசி உருவிவிட அயலவர் அன்போடு வருவார்கள்; வீங்கிய கெண்டைக்காலை உருவவே விடாதீர்கள், உள்ளே உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். மார்கழி மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் டெங்கு இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை, மூட்டுவலிக்கு எடுக்கும் இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் குளிசைகளைத் தொடாதீர்கள். பரசிட்டமோல் மட்டும் போதும்.

முழங்கால் திடீரெனச் சிவந்து சுட்டாலும், வடுவிலிருந்து நீர் கசிந்தாலும், கெண்டைக்கால் ஒருபுறம் வீங்கி நொந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது இலங்கையின் இலவச அம்புலன்ஸ் சேவை. அந்த இலக்கத்தை வந்த அன்றே பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலில் படுத்தபடியே பார்க்கக்கூடிய சுவரில் ஒட்டிவிடுங்கள்.