பேய்க்காதல் நாவல் படிச்சிட்டு "சூப்பர்"னு மட்டும் சொல்லாம இருக்கறது எப்படி

எங்க தெருவுல ஒரு அக்கா, நாவல் பைத்தியம். போன மாசம் ஒரு புக்க கையில திணிச்சு "படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு கண்ணு"ன்னாங்க. ரெண்டே ராத்திரில முடிச்சிட்டு "சூப்பர்க்கா"ன்னு திருப்பி குடுத்தேன், "எது சூப்பர்?"னு ஒரே கேள்வி கேட்டாங்க பாருங்க, முழிச்சேன். அதுக்கப்புறம் மறுபடி வாங்கிட்டு வந்து படிச்சு, எப்படி அபிப்பிராயம் சொல்றதுன்னு நானா ஒரு வழி புடிச்சேன், அதத்தான் இங்க சொல்றேன்.

கதை இதான்: ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் பங்களா, கணக்கு பாக்க வர்ற சேலத்து பொண்ணு, அங்க செத்துப்போன வெள்ளக்கார தொரையோட ஆவி, ரெண்டு பேருக்கும் லவ்வு. இவ்வளவு சொன்னா போதும், முடிவ உளறிடாதீங்க.

முதல்ல அந்த பேய்க்கு என்ன முடியும், என்ன முடியாதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. நான் பஸ் டிக்கெட் பின்னாடி எழுத ஆரம்பிச்சேன், இடம் பத்தல. மூணாவது அத்தியாயத்துல தொரை சுவத்துக்குள்ள பூந்து வர்றாரு, ஒம்பதாவதுல அதே தொரை மழையில நனைஞ்சுகிட்டு கதவ தட்டறாரு. ஏன்யா, சுவர் வழியா வர வேண்டியதுதான? அப்புறம் அவள பாத்ததும் அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதாம், செத்து எத்தன வருஷமாச்சு! நம்ம தமயந்தி கதைய நினைச்சு பாருங்க, சுயம்வரத்துல நாலு தேவர்களும் நளன் மாதிரியே வந்து நிக்கறப்ப அவ எப்படி கண்டுபுடிச்சா? தேவருக்கு கண்ணு இமைக்காது, காலு தரையில படாது, மாலை வாடாது. மூணே மூணு அடையாளம், அத வச்சுதான் அவ வாழ்க்கையே நிக்குது. பேய்க்கதைல சட்டம் எதுவா வேணா இருக்கட்டும், எழுதுனவங்களே அத மீறுனா நமக்கு பயமும் போயிடும், லவ்வும் போயிடும்.

அடுத்தது லவ்வு. இதுக்கு ஒரு ஈசியான டெஸ்ட் இருக்கு, பேய எடுத்துட்டு அந்த எடத்துல கோரிமேட்டுல இருக்கற சாதாரண பையன வச்சு பாருங்க. அவ தூங்கறத ராத்திரி பூரா ஜன்னல் பக்கத்துல நின்னு தொரை பாத்துகிட்டே இருக்காரு, நாலு பக்கத்துக்கு வர்ணனை வேற. இத அந்த பையன் பண்ணியிருந்தா ஊரே சேந்து வெளுத்திருக்கும், ஆவின்னா மட்டும் ரொமான்ஸா? இத தைரியமா எழுதுங்க.

ஆனா நல்லத விட்டுறாதீங்க. எனக்கு புடிச்ச சீன் ஒண்ணு, அவ சேலத்துலருந்து தட்டுவடை செட் வாங்கிட்டு போறா, அவரால சாப்பிட முடியாது, "எப்படி இருக்கு, சொல்லேன்"னு கேக்கறாரு. அவ ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல இருக்கற கேரட்டு பீட்ரூட்டு, சட்னி, முதல் கடி நொறுங்கற சத்தம்னு ஒண்ணொண்ணா சொல்லி சொல்லி சாப்பிடறா. கடைசில வெரல்ல ஒட்டியிருந்த சட்னிய அவரு பாக்கற பார்வை இருக்கே! ஜன்னல் சீன் நாலு பக்கத்துக்கும் இந்த ஒரு பாரா மேல். "நல்லா இருந்துச்சு"ன்னு எழுதறத விட இப்படி ஒரு சீன எடுத்து காட்டுங்க, படிக்கறவங்களுக்கே புரியும்.

ஊரையும் செக் பண்ணுங்க, நம்ம ஊருன்னா கட்டாயம். டிசம்பர்ல காபி பூ வாசம் வீசுதுன்னு எழுதியிருக்காங்க. டிசம்பர்ல அங்க செவப்பா பழம் பறிச்சுகிட்டு இருப்பாங்க, பூ எல்லாம் மார்ச் ஏப்ரல்ல கோடை மழை விழுந்த பிறகுதான், செடி முழுக்க வெள்ளையா மல்லி மாதிரி வாசத்தோட, அதுவும் சில நாள்தான். தொரை 1780ல காபி தோட்டம் போட்டாருன்னு வேற வருது, சேர்வராயன் மலைக்கு காபி வந்ததே 1820கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல. ஆனா 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டறப்ப பனில முன்னாடி போற வண்டி தெரியாம ஹாரன் சத்தம் மட்டும் கேக்கும்ல, அத அச்சு அசலா எழுதியிருந்தாங்க, அத பாராட்டாம விட்டா பாவம்.

முடிச்ச கையோட எழுதாதீங்க, ஒரு நாள் விடுங்க. கரண்ட் போன ராத்திரில, மழை சத்தத்தோட படிச்சா எந்த பேய்க்கதைக்கும் மார்க் ஏறும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆச்சு. எங்க பக்கத்த தள்ளுனீங்க, எங்க லைட்ட போட்டுகிட்டீங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, யாருக்கு புடிக்கும்னும் ஒரு வரி போடுங்க. ரத்தம் கொலைன்னு தேடறவங்களுக்கு இது ஆகாது, மெதுவா உருகற லவ்வு கேக்கறவங்களுக்கு ஓகே.

அக்காகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, ரெண்டாம் பாகம் இருக்குதாக்கான்னு நானே கேட்டேன். அதையும் மறைக்காம எழுதிடுங்க.