ஸ்பெக்ட்ரம் 48கே-ல இருந்து நேரா வீடியோ எடுக்குறது எப்படி

1982-ல வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் கையில இருக்கு, ஆனா இப்ப இருக்குற டிவில படம் வரல, வந்தாலும் ஒரே கரகரப்புன்னா மெஷினத் தூக்கிப் போட்டுடாதீங்க, சுத்தமான காம்போசிட் வீடியோ, அதாவது வெளிச்சமும் கலரும் ஒரே கம்பில சேந்து வர்ற சிக்னல், உள்ளயே இருக்கு. படத்த உருவாக்குற யூஎல்ஏ சிப் வெளிச்சத்தத் தனியா, ரெண்டு கலர் சிக்னலத் தனியா குடுக்குது, அந்த ரெண்டு கலர் சிக்னலையும் எல்எம்1889-ங்கிற இன்னொரு சிப் ஒண்ணாக்குது, அப்புறம் டிரான்சிஸ்டர்ல எல்லாம் கலந்து ஒரு தகர டப்பாவுக்குப் போகுது. அதான் மாடுலேட்டர். அது நல்ல படத்த யூஎச்எஃப் 36-ஆம் சேனல்ல ஏத்தி அனுப்புது, ஏன்னா அப்ப பெரும்பாலான வீட்டு டிவில ஆன்டெனா ஓட்டைய விட்டா வேற வழி கிடையாது. நாம அந்த டப்பாவத் தாண்டிப் போகணும், அவ்ளோதான்.

பவர கழட்டிட்டு அடியில இருக்குற 5 ஸ்க்ரூவையும் எடுங்க. மேல் மூடிய வெடுக்குன்னு தூக்காதீங்க ப்ளீஸ், கீபோர்டுல இருந்து வர்ற ரெண்டு பட்டையும் இத்தன வருஷத்துல அப்பளமா நொறுங்குற நிலமைல இருக்கும், எனக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு. மெதுவா நேரா உருவுங்க.

டப்பாவோட பக்கவாட்டுல ரெண்டு கம்பி போர்டுக்கு வருது, ஒண்ணு 5 வோல்ட், இன்னொண்ணு வீடியோ. எது எதுன்னு கண்ணால முடிவு பண்ணாம பவர் குடுத்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு, திரும்ப பவர கழட்டி, ரெண்டையும் போர்டுல இருந்து எடுத்துடுங்க, 5 வோல்ட் கம்பிக்கு டேப் சுத்திடுங்க. டப்பா மூடியத் திறந்தா, டிவி வயர் மாட்டுற சாக்கெட்டோட நடு முனைக்கு ஒரு ரெசிஸ்டர் வரும், அதோட ஒரு கால மட்டும் தூக்கி விடுங்க, வெட்ட வேணாம், நாளைக்குப் பழையபடி மாத்தணும்னா உதவும்.

இப்ப போர்டுல வீடியோ கம்பி இருந்த இடத்துல இருந்து சாக்கெட் நடு முனைக்கு ஒரு கெப்பாசிட்டர், 100 அல்லது 220 மைக்ரோஃபாரட், ப்ளஸ் போர்டு பக்கம். டிசி டிவிக்குப் போகாமத் தடுக்கத்தான் இது. கையில 10 மைக்ரோஃபாரட் இருக்குன்னு அதப் போட்டுடாதீங்க, டிவி உள்ள 75 ஓம் இருக்கு, அதோட சேந்தா 50 ஹெர்ட்ஸ் பக்கமே சிக்னல் அடிவாங்கிடும், படம் மேல ஒரு வெளிச்சமும் கீழ வேற வெளிச்சமுமா வரும்.

திரும்ப பவர் குடுக்கும்போது அடாப்டர நல்லா பாருங்க, இதுல நடு முனை மைனஸ், மத்த 9 வோல்ட் அடாப்டர் பலதும் நேரெதிர். கலர் மட்டும் வரலன்னா மொதல்ல டிவில பால் (PAL) கலர் சிஸ்டம் செட் ஆகியிருக்கான்னு பாருங்க, அப்புறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் பக்கம் போங்க. நீலத்து மேல சிவப்பு எழுத்து கொஞ்சம் கசியும், அது காம்போசிட்டோட இயல்பு, நீங்க பண்ண வேலைல குறை இல்ல.